ஞாயிறு பின்னேரம் விழுந்த இணைப்பு

வேலி ஓரத்துத் தேசிமரத்தின் கொப்பு ஒன்றை நேற்று வெட்ட வேண்டி வந்தது, மச்சான். புது இணைய இணைப்புக்குக் கம்பி இழுக்க வந்தவர்கள் அது இடைஞ்சல் என்றார்கள். வெட்டி விழுத்தியதும் தேசி இலையின் எலுமிச்சை வாசம் முற்றம் முழுக்கப் பரவியது. கொப்பின் கவருக்குள் பட்டை மூடி வளர்ந்திருக்க, நடுவே சாம்பல் நிற வயர்த் துண்டு ஒன்று இறுகிப் போயிருந்தது. வந்தவர்களில் ஒருவர், இது எந்தக் காலத்து வயர் ஐயா என்று கேட்டார். நானும் என் கூட்டாளியும் கட்டியது என்றேன். உன்னைத் தெரியாத ஆளுக்கு அதற்கு மேல் எப்படி விளக்குவது?

அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் அப்போது தொலைபேசி இருந்தது உன் வீட்டில் மட்டும்தான். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்த நீ, மூடப்பட்ட ஏதோ ஒரு அலுவலகத்தின் பழைய கணினிகள் இரண்டை வாங்கி வந்து, ஒன்றை என் வீட்டு மேசையில் வைத்தாய். உன் கணினி தொலைபேசி வழியாக இணையத்தைப் பிடிக்கும். அங்கிருந்து ஒரு வயர் ஜன்னலால் வெளியே வந்து, தேசிமரத்தில் ஏறி, வேலி தாண்டி என் வீட்டுக்குள் இறங்கும். இதுதான் நெற்வேர்க் என்று நீ பெருமையாகச் சொன்னாய். என் மனைவி அதை உடுப்புக் காயப்போடும் கொடி என்று நினைத்து என் ஈரச் சாரத்தைப் போட்டுவிட்டாள். பாரத்தில் வயரின் முனை கழன்றுவிட, அது தெரியாமல் நீ அரைநாள் கணினிக்குள் தலையை விட்டுப் பிழை தேடினாய். அந்தக் கோபம் உனக்குத் தீர ஒரு கிழமை எடுத்தது.

பிறகு என் மகள் சுகந்திக்குக் கனடாவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சண்டை திரும்பவும் தொடங்கப்போகிறது என்று எல்லோரும் கதைத்த காலம். மாப்பிள்ளைக்கு ஊருக்கு வரப் பயம். அவனுடைய தாய்க்கோ பெண்ணைப் பாராமல் சம்மதிக்க மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், அங்கே விடிகிற நேரத்தில், கணினியில் முகம் பார்த்துக் கதைப்பது என்று முடிவாயிற்று. கமராவும் நீதான் எங்கேயோ தேடிப் பிடித்தாய். சுகந்தி காலையிலேயே சட்டையை அயன் பண்ணி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் குசினிக்குள் நிற்பாள். அவளுக்கு அந்தப் பெடியனைப் பிடித்துவிட்டது என்று எங்கள் வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியும்.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும், கதை சூடு பிடிக்கிற நேரத்தில், இணைப்பு விழுந்தது. மற்ற நாட்களில் ஒரு பிழையும் இல்லை. ஒரு தரம் மாப்பிள்ளையின் தாய் சாதகத்தைப் பற்றிக் கேட்ட கையோடு விழுந்தது. இன்னொரு தரம் சுகந்தியின் வயதைக் கேட்ட கையோடு விழுந்தது.

பிழை தேடுவதில் உனக்கு ஒரு சட்டம் இருந்தது. "ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்தவேணும். ரெண்டை மாத்தினா எது பிழையெண்டு கடவுளுக்கும் தெரியாது." ஞாயிறுகளில் மட்டுமே பிழை வந்தபடியால், கிழமைக்கு ஒன்றுதான் மாற்ற முடிந்தது. கடற்காற்றில் துருப்பிடித்த முனைகளை ஒரு கிழமை அரத்தாள் போட்டுச் சுரண்டினாய். அடுத்த கிழமை சுவரில் இருந்த தொலைபேசிப் பெட்டிக்குள் குடியிருந்த எறும்புகளைக் குடியெழுப்பினாய். அதற்கடுத்த கிழமை தேசிமரத்து வயருக்குப் புது முனை போட்டாய். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றித் தொலை என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவேன்.

அதைவிட எரிச்சல், விழுந்த இணைப்பை நீ உடனே திரும்ப எடுக்கமாட்டாய். மோடம் சூடாகிப் போச்சு, ஆறட்டும் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாய். அங்கே சம்பந்தம் ஆறிப்போகிறது, நீ மோடத்தை ஆறவிடுகிறாயா என்று நான் கேட்டால், தொலைபேசியில் இருந்து கண்ணை எடுக்கமாட்டாய்.

கடைசியாக வேறொரு மோடம் இரவல் வாங்கிப் போட்டோம். அந்த ஞாயிறு இணைப்பு விழவே இல்லை. சுகந்தியும் மாப்பிள்ளையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார்கள். உன் மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. ஊர் முழுக்க அவவை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். கட்டைபறிச்சானில் படிப்பித்தா. ஞாயிறு பின்னேர லோஞ்சுப் படகில் கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூரில் இறங்கிப் போவா, வெள்ளிக்கிழமை திரும்புவா. அன்று கடற்படை லோஞ்சை விடாததால் வீட்டில் நின்றுவிட்டா. இனிப் பிழை இல்லை என்று நீயும் நானும் கைகுலுக்கிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு, அதே நேரம், விழுந்தது.

இந்தத் தடவை மாப்பிள்ளையின் தாய் தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டா. வேண்டுமென்றே அறுக்கிறார்கள், விருப்பமில்லையென்றால் நேரே சொல்லட்டும், இன்னொரு தரம் நடந்தால் வேறு இடம் பார்க்கிறோம். சுகந்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ அந்தக் கதிரையிலேயே இருந்தாய்.

"மச்சான், போன முறை ஒண்டில்லை, ரெண்டு மாறியிருக்கு," என்றாய். "மோடம் ஒண்டு. மற்றது, ரீச்சர் போகேல்லை."

பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னாய். அந்த நாட்களில் பயணம் போனவர்கள் எல்லோரும் செய்ததைத்தான் ரீச்சரும் செய்தா: மூதூரில் இறங்கியதும் இறங்குதுறைக் கடையில் இருந்து உன் தொலைபேசிக்கு ஒரு மணி மட்டும் அடிக்கவிட்டு வைத்துவிடுவா. வீட்டில் எடுக்கக் கூடாது. மணி அடித்தால் ஆள் சுகமாக இறங்கியாயிற்று என்று அர்த்தம். சுகந்தியின் கதை தொடங்கிய நாளில் இருந்து உனக்கு அந்த மணி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து ரீச்சர் சத்தியம் பண்ணுவா, விட்டனான் என்று. வரவில்லை என்பாய் நீ. இரண்டு பேரும் இதற்காகச் சண்டையே பிடித்திருக்கிறீர்கள். மோடம் ஏன் ஆறவேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலில் எந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியாத நாட்களில், உன் தொலைபேசியை என் மகளுக்குத் தந்துவிட்டு, வராத மணிக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாய், மடையா.

உன்னை இணைப்பை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, நான் சந்திக் கடைக்கு ஓடிப்போய் உன் இலக்கத்துக்கு ஒரு மணி விட்டேன். திரும்பி வரும்போது நீ வேலியடியில் நின்று சிரித்தாய். இணைப்பு விழுந்திருந்தது. கணினி தொலைபேசியைப் பிடித்திருக்கும்போது அழைப்பு வந்தால், மணி அடிக்காது. வயருக்குள் ஒரு சின்னச் சத்தம் மட்டும் போகும். அந்தச் சத்தத்துக்கே மோடம் பிடியை விட்டுவிடும். நாங்கள் அத்தனை கிழமையும் திட்டித் தீர்த்தது ரீச்சர் கரை சேர்ந்த செய்தியை.

அதை நிறுத்த வழி இருந்தது. தொலைபேசியில் சில இலக்கங்களை அழுத்தினால் அந்தச் சத்தம் வராது; ஆனால் ரீச்சரின் செய்தியும் வராது. சுகந்தியின் காரியம் முடியட்டும், நிறுத்திவிடுகிறேன் என்றாய். கையை ஒடிப்பேன் என்றேன் நான். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்க, சுகந்தி வந்து உன்னைப் பார்த்து, மாமா, ஒன்றையும் நிறுத்த வேண்டாம், அவர்களோடு நான் கதைக்கிறேன் என்றாள்.

அடுத்து வந்த ஞாயிறு, படம் வந்ததும், அவள் முதல் வேலையாக மாப்பிள்ளையின் தாயிடம் சொன்னாள்: "அன்ரி, இன்னும் கொஞ்ச நேரத்தில இது விழும். கோவிக்காதேங்கோ. பக்கத்து வீட்டு ரீச்சர் கடல் தாண்டிப் போறா. விழுந்தா, அவ இறங்கிட்டா எண்டு அர்த்தம்."

பிறகு எல்லோரும் ஏதேதோ கதைத்தோம். ஒருவருக்கும் கதையில் கவனமில்லை. இணைப்பு விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நீ கைதட்டினாய், இந்தப் பக்கம் நாங்கள் கைதட்டினோம். மோடத்தை ஆறவிடாமல் நீ உடனே திரும்ப எடுத்தாய். படம் வந்தபோது அந்த மனுசி கமராவுக்குள் முகத்தை நுழைப்பதுபோல் குனிந்திருந்தா. சாதகமும் கேட்கவில்லை, வயதும் கேட்கவில்லை.

"ரீச்சர் இறங்கிட்டாவோ?" என்றா.

ஓம் என்றாள் சுகந்தி. அந்தக் கணத்திலேயே கலியாணம் முடிந்துவிட்டது; தாலி கட்டியதெல்லாம் பிறகு நடந்த சம்பிரதாயம்தான்.

நீ போய் முப்பத்தோராம் நாள் கிரியைகளும் முடிந்தபின், ரீச்சர் மட்டக்களப்பில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குச் சில நாள் போய் இருக்கிறேன் என்று பஸ் ஏறினா. பொழுதுபடுகிற நேரம் என் கைத்தொலைபேசி ஒரு தரம் அடித்து நின்றது. பார்த்தேன், ரீச்சரின் இலக்கம். என்னவோ என்று பதறித் திருப்பி எடுக்கப் போனவன், அப்படியே நின்றுவிட்டேன். ஆயுள் முழுக்க உனக்கு வந்த மணி அது. விடுவதற்கு இனி ஆளில்லாமல் எனக்கு விட்டிருக்கிறா. முற்றத்தில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். இப்போது எங்கே போனாலும் விடுகிறா. நான் எடுப்பதில்லை.

நேற்றும் அடித்தது, மச்சான். ரீச்சர் இறங்கிட்டா.