சக்கரக் கதவின் அளவு

கௌதள்ளி
3 ஜூன் 2025

அன்புள்ள தருணுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கோர்ட்டில் அந்தக் கவுன்சிலர் அம்மா சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் இவர் 'ம்' மட்டும்தான் சொல்கிறார் என்று நான் புகார் சொன்னேன். அப்படியானால் பேச வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 21 வியாழக்கிழமை இருவரும் போய் மறுபடி சம்மதம் சொன்னால் விவாகரத்து முடிந்துவிடும். அதற்குள் மனசில் இருப்பதை எழுதித் தீர்க்க வேண்டுமாம்.

நான் இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். அம்மா வழக்கம்போல் தையல் மிஷினை விட்டு எழுந்திருப்பதில்லை. மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்து, மாதேஸ்வரன் மலைப் பக்கம் போய்விடுகிறது.

எனக்குத் தீர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. நம் குழந்தையை நம் இருவரில் நீங்கள் மட்டும்தான் பார்த்தீர்கள். எனக்கு நினைவு வருவதற்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டீர்கள். இரண்டு வருஷமாகக் கேட்கிறேன், எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். அவள் எப்படி இருந்தாள் என்று எழுதுங்கள். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

சக்தி


மைசூரு
15 ஜூன் 2025

அன்புள்ள சக்தி,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். ஹெப்பாளில் எங்கள் கம்பெனிக்குப் புது மிஷின் வந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் பக்கத்து மெஸ். பரவாயில்லை.

நேட் விமானத்தின் சக்கரக் கதவை வரைந்து முடித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் எண்பது பாகத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தச் சின்னப் போர் விமானத்தில் இந்தக் கதவுதான் எனக்குப் பிடித்தது. பறக்கும்போது சக்கரத்தைப் பாதி இறக்கினால் இதே கதவு காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை. கீல் எங்கே வருகிறது என்பதுதான் இத்தனை நாளும் பிடிபடாமல் இருந்தது. இங்கிலாந்திலிருந்து ஒருவர் பழைய போட்டோ அனுப்பினார், அதில் தெரிந்தது. கண்ணால் பார்க்காமல் ஊகித்து வரைந்த பாகத்தை மஞ்சள் நிறத்தில் விட வேண்டும் என்பது, பழைய விமானங்களை வரைகிற எங்கள் குழுவின் பழக்கம். இந்தக் கதவில் இப்போது மஞ்சளே கிடையாது.

பெங்களூரில் அந்தக் கல்லூரி வாசலில் நிற்கும் விமானத்தை அளக்க நாம் போனது நினைவிருக்கிறதா? நீ குனிந்து அளக்க அளக்க நான் எழுதிக்கொண்டேன். வாட்ச்மேன் டேப்பைப் பார்த்துவிட்டு நம்மை விமானத்துக்குப் பாவாடை தைக்க வந்தவர்கள் என்று நினைத்தார். உனக்காகக் கதவின் படத்தை அளவுகளோடு பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதைப் பிறகு எழுதுகிறேன்.

தருண்குமார்


கௌதள்ளி
27 ஜூன் 2025

அன்புள்ள தருணுக்கு,

படம் வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆணித் தலை ஒவ்வொன்றும் தெரிகிறது. அம்மா பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு ஆவுங் கண்ணு?" என்றாள். ஒன்றுக்கும் ஆகாது என்று சொன்னேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. கதவின் நீளத்தை நான் இருபத்தெட்டரை அங்குலம் என்று சொன்னேன். நீங்கள் இரண்டு தடவை சொல்லச் சொன்னதால் மறக்கவில்லை. படத்தில் இருபத்தொன்பது இருக்கிறது. அகலமும் நான் சொன்ன அளவு இல்லை. எது தப்பு?

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. 'பிறகு' என்ற வார்த்தையை உங்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சக்தி


மைசூரு
9 ஜூலை 2025

அன்புள்ள சக்தி,

உன் மேல் தப்பில்லை. டேப்பின் மேல்தான். அன்றைக்கு நீ கொண்டுவந்தது உன் அம்மாவின் தையல் டேப். பழைய துணி டேப் இழுபட்டு இழுபட்டு நீண்டுவிடும். அதில் அளந்தால் எல்லாம் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். வரைந்து பார்த்தபோது கதவு சட்டத்தில் உட்காரவில்லை. முதலில் என் வரைபடம்தான் கோளாறு என்று நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய் இரும்பு டேப்பில் மறுபடி அளந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

அப்போது உனக்கு ஏழாவது மாதம். வெயிலில் குனிந்து அவ்வளவு நேரம் அளந்தாயே, அத்தனையும் வீண் என்று சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இங்கே நாலு நாளாக மழை. மாடியில் துணி காயவில்லை.

தருண்குமார்


கௌதள்ளி
20 ஜூலை 2025

தருணுக்கு,

அம்மாவின் டேப்பை ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. அம்மாவிடம் சொன்னேன். "அதுதான் எல்லாருக்கும் சட்டை லூசா வருதுன்னு சொல்றாங்களாட்ட இருக்குது" என்று சிரித்தாள். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்கே உங்களால் என்னிடம் சொல்லியிருக்க முடியாதா? நானும் சிரித்திருப்பேன். இன்னொரு நாள் போய் இருவருமாக அளந்திருப்போம். அந்த விமானத்தில் என் கையும் இருக்கிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பாகத்தில்கூட இல்லை, அதுவும் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளும் இப்படித்தான். தொட்டிலைக் காணோம், நான் மடித்து வைத்த துணிகளைக் காணோம், எண்ணெய்ப் பாட்டிலைக்கூடக் காணோம். சுவரில் தொட்டில் கம்பி உரசிய இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தீர்கள். எனக்கு வலிக்கக் கூடாது என்றுதான் செய்தீர்கள், தெரியும். ஆனால் பிள்ளை பெற்றேனா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பிடுகிறேன், பாடம் நடத்துகிறேன், தூங்குகிறேன்.

அவளைத் தினமும் மனசில் வரைந்து பார்க்கிறேன். உங்கள் பழக்கப்படி பார்த்தால் அவள் முழுக்க மஞ்சள்.

யாரோ பறந்து, யாரோ கழற்றிப் போட்ட விமானத்தின் ஆணிவரைக்கும் எழுதத் தெரிகிற உங்களுக்கு இதை எழுதத் தெரியாதா? நல்லதாக மாற்றி எழுத வேண்டாம். எதையும் விட வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள்.

சக்தி


மைசூரு
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சக்தி,

நீ மயக்கத்தில் இருந்தாய். நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "நோடி சார்" என்று என் கையில் கொடுத்தார். பார்த்தேன். துணியை விலக்கியும் பார்த்தேன்.

நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். தலை நிறைய முடி, ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. நிறம் உன் நிறம். காது என் காது, மேல்நுனி மடங்கியது. மூக்கு யாருடையது என்று தெரியவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உதடு கறுத்திருந்தது. இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன், எதையும் விட வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டாய். இடது தோளில் தோல் உரிந்திருந்தது. கண் மூடியிருந்தது, இமை முடி நீளம். நகம் வளர்ந்து விரல் நுனியைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குப் போனதும் வெட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது.

வலது கை மூடியிருந்தது. விரித்து என் விரலை உள்ளே வைத்தேன். கை மூடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு என் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. விமானம் வரையும்போது மட்டும் நேரம் போகும்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணமும் எழுதிவிடுகிறேன். நீ என்னிடம் கேட்பது இது ஒன்றுதான். இதைக் கொடுத்துவிட்டால் என்னிடம் உனக்கு வேலை இல்லை. நீ கேட்டுக்கொண்டாவது இருக்கட்டும் என்றுதான் சக்கரக் கதவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நீ வீட்டுக்கு வந்துவிடு, சக்தி. வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தருண்


கௌதள்ளி
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தருணுக்கு,

கடிதம் நேற்று முன்தினம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நகம் என்ற இடத்தில் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "பச்சைப் புள்ளைக்கு நகத்தைப் பல்லுல கடிச்சுத்தான் எடுக்கோணும் கண்ணு. கத்திரி வைக்கக் கூடாது" என்றாள். எனக்கும் அது தெரியாமல்தான் இருந்தது.

நான் அழுதேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்தது. இப்போது அவளுக்கு ஒரு முகம் இருக்கிறது. உதட்டை விடாமல் எழுதினீர்களே, அதற்காகத்தான் மற்றதையும் நம்புகிறேன்.

வரச் சொல்லிக் கேட்டீர்கள். மனசுக்குள் தேடிப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு வருகிற மனசு இல்லை. உங்கள் மேல் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தால்கூடச் சண்டை போடவாவது வந்திருப்பேன். அதுவும் இல்லை. இந்த ஒரு கேள்விதான் என்னை உங்களோடு வைத்திருந்தது என்று எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கொடுத்துவிட்டீர்கள். அதை மறக்க மாட்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்துவிடுகிறேன். கையெழுத்துப் போட்டுவிடலாம்.

போன தடவை மூன்று மணி வரைக்கும் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். நீங்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தீர்கள். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சக்தி