மியூசிக்கல் சேரில் விழுந்த அடி

அனுப்புநர்:
ப. சாந்தகுமாரி (வயது 51),
ஜீவனஹள்ளி, பெங்களூரு.

பெறுநர்:
குறைதீர் அதிகாரி அவர்கள்,
மக்கள் குறைதீர் அலுவலகம், பெங்களூரு.

பொருள்: அமைதியான கூட்டத்தில் ராணுவத்தினர் அடித்ததில் என் இடது கை முறிந்தது – அடித்தவர் மீது நடவடிக்கை எடுக்கவும், என் மீதான கலவர வழக்கை நீக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வலது கை நலமாக இருப்பதால் இம்மனுவை நானே எழுதுகிறேன். கன்னட நகலை மருமகள் வீணா எழுதி இணைத்திருக்கிறாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.

1. எங்கள் தெருவிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகும் பாதையைப் பக்கத்து ராணுவ முகாம் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டது. அதைத் திறக்கக் கேட்டு, போலீஸ் அனுமதியோடு, சென்ற ஞாயிறு காலை மைதானத்தில் கூடினோம்.

2. மனு வாங்க வருவதாகச் சொன்ன அதிகாரி வரவில்லை. பெண்கள் கூடிய இடம், வாடகை நாற்காலிகள் வேறு இருக்கின்றன, சும்மா இருப்போமா? மியூசிக்கல் சேர் ஆடினோம். வீணா ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டாள். பரிசு, பிரஷர் குக்கர்.

3. அப்போது முகாமிலிருந்து வீரர்கள் லத்தியோடு வந்தார்கள். அவர்களுடைய அதிகாரி ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். பாட்டு நின்றது. நின்றால் என்ன செய்யவேண்டுமோ அதைத்தான் செய்தோம். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு ஓடினோம். கலவரம் என்று நினைத்து அடிக்கத் தொடங்கினார்கள்.

4. நான் நாற்காலியைத் தூக்கி வீரரைத் தாக்க வந்ததாக முகாம் கொடுத்த புகாரில் போலீஸ் என் மீது கலவர வழக்குப் போட்டிருக்கிறது. ஐயா, நான் அதில் உட்கார்ந்திருந்தேன். என் எடை எண்பது கிலோ. என்னையும் சேர்த்து அதை யார் தூக்குவது? இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. தடுக்க உயர்த்திய கையில் அடி விழுந்து எலும்பு முறிந்தது. உட்கார்ந்திருந்த பெண்ணை அடித்திருக்கிறார்கள். இந்தக் கோபம் மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் எனக்குப் போகாது.

5. நான் ஓர் ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். வழக்கு இருந்தால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

ஆகவே, விசாரணையை அதே மைதானத்தில் வைக்க வேண்டுகிறேன். நாற்காலிகளை நாங்கள் போடுகிறோம். வீணா பாட்டுப் போடட்டும், அதே அதிகாரி நிறுத்தட்டும். எதை நோக்கி ஓடினோம் என்பதைத் தாங்களே பாருங்கள். விருப்பமிருந்தால் தாங்களும் ஒரு சுற்று வரலாம். ஆட்டம் பாதியில் நின்றதால் குக்கர் எதிர்வீட்டு ஆஞ்சலாவிடம் பிரிக்காமலே இருக்கிறது.

மாவுக்கட்டோடு நானும் ஓடுவேன். நான் உட்கார்ந்த பிறகு யாரும் அடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

நாள்: 21.02.2025
இடம்: பெங்களூரு

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ப. சாந்தகுமாரி