ஆஸ்பத்திரிக் காதல் புஸ்தகங்களும் எஸ்தர் சிஸ்டரும்

10-7-73, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். குழாயில் நூல் மாதிரி தண்ணீர். கிணறு பரவாயில்லை. எலுமிச்சங்காய் நறுக்கி உப்பில் போட்டாச்சு.

இவருக்கு முதுகில் ராஜபிளவைக் கட்டியை அறுத்து இன்றோடு பன்னிரண்டாம் நாள். சர்க்கரை உடம்பு, மெதுவாகத்தான் ஆறும் என்கிறார் டாக்டர். தினம் காலையில் எஸ்தர் சிஸ்டர் வந்து கட்டு மாற்றுகிறாள். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து நேரே இங்கே. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து இருக்கும். இவர் ஸ்டூலில், அவள் பின்னால் இரும்பு நாற்காலியில். "அவ கை பட்டா வலியே தெரியலைடி" என்கிறார். என் கையைப் பற்றி முப்பது வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மத்தியானம் புஸ்தகம், அறுபது பக்கம். பக்கத்துப் போர்ஷன் கல்யாணி லஸ் கடைத்தெரு லெண்டிங் லைப்ரரியிலிருந்து தன் பேரில் எடுத்து வந்து தருவது. எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் டாக்டர் நர்ஸ் காதல். பிரவுன் பேப்பர் அட்டை போட்டு வைத்திருக்கிறேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு தானே இங்கிலீஷ் படிக்கிறாள் என்று இவருக்குப் பெருமை. என்ன படிக்கிறேன் என்று கேட்டதில்லை.

இதுவரை கவனித்தது:

டீ. ஆபரேஷனுக்கு முன்னால் டீ, பின்னால் டீ, யாராவது செத்தால் உடனே டீ. இந்தப் புஸ்தகத்தில் மட்டும் ப. 112 வரை முப்பத்தேழு கப். காபி ஒன்று.

டாக்டருக்குக் கண் எப்போதும் சாம்பல் நிறம். பாதிப் புஸ்தகம் வரை கோபம்.

நர்ஸுக்குத் தொப்பிக்குள்ளிருந்து மயிர் ஒரு சுருள் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும், கதையே இல்லை.

நோயாளிக்குச் சொந்தக்காரரே கிடையாது. ஒருத்தராவது ரசம் சாதக் கேரியர் தூக்கிக்கொண்டு வரவேண்டுமே? இல்லை.

ஒருத்தரும் குளிப்பதில்லை. ஆபரேஷன் அறையிலிருந்து நேரே டான்ஸ்.

போன புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால், 'கோத்திரம் விசாரித்தார்களா?' நான் எழுதவில்லை. எழுதியிருப்பேன்.

11-7, புதன்

வெய்யில். ஊறுகாய் ஜாடி மாடியில்.

எழுதவே கூசுகிறது. காலையில் குளித்து மடியாக இருக்கும்போது, பருப்பு வேகிற நேரம், ப. 140இல் நர்ஸுக்கே ஜுரம் வந்து படுத்துவிட்டாள். டாக்டர் கட்டிலோரத்தில். விடமுடியவில்லை. லைப்ரரிப் புஸ்தகம், ஊர்ப்பட்ட கை பட்டது, மடியில் தொடக்கூடாது. தரையில் விரித்துவைத்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் படித்தேன். பருப்பு அடிப்பிடித்தது. பகவானே, அதே கரண்டியைக் கழுவித்தான் நைவேத்தியப் பாயசம் கிளறினேன்.

"பருப்பு ஏன் கரிஞ்ச வாசனை?"

"அடுப்பு ஜாஸ்தி எரிஞ்சுடுத்து."

ஒரு பொய்.

12-7, வியாழன்

இன்று நடந்ததை எழுதினால்தான் மனசு கொஞ்சமாவது அடங்கும்.

எஸ்தர் பழைய கட்டைச் சுற்றிப் போடப் பேப்பர் கேட்டாள். நான் மடியில். "அலமாரியில இருக்கு, நீயே எடுத்துக்கோம்மா" என்றேன். பேப்பர் கட்டின் மேல் புஸ்தகத்தை விட்டுவைத்தது ஞாபகமே இல்லை. பிரித்துப் பார்த்துவிட்டாள்.

"மாமி! இது நான் ஹாஸ்டல்ல ரெண்டு தடவ படிச்சிருக்கேன்!"

எனக்குக் காது சுட்டது. இவர் திரும்பாமல், "என்ன புஸ்தகம்?"

"ஆஸ்பத்திரிப் புஸ்தகம் சார். உங்களுக்குப் புரியாது. ஆடாம உக்காருங்க."

பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இவங்க ஆஸ்பத்திரில பெட்பேனே கிடையாது, கவனிச்சீங்களா மாமி?"

உண்மைதான்! ஒன்பது புஸ்தகத்தில் ஒரு பெட்பேன் இல்லை. டீக் கணக்கைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க டாக்டர் கண்ணு என்ன கலருன்னு கேட்டா சத்தியமா எனக்குத் தெரியாது. காலைல கால் ரெண்டும் தூணா வீங்கிடும். உக்கார ஒரு இடம் கெடச்சா அதுதான் மாமி காதல்."

இப்படி நான் சிரித்து எத்தனை வருஷம். கண்ணில் ஜலம்.

அவள் போனாள். உள்ளே போய்ச் சொம்பு எடுத்துவந்து நாற்காலியில் தண்ணீர் தெளித்தேன். தினமும் செய்வதுதான். ஆஸ்.யிலிருந்து வருகிறவள், தீட்டு, வேறு ஜாதி, எல்லாம் சேர்த்து ஒரு தெளி. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். உதட்டில் சிரிப்பு மிச்சம் இருக்கும்போதே தெளித்தேன்.

நிமிர்ந்தால் நிலைப்படியில் எஸ்தர். கத்தரிக்கோலை மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறாள். ஜன்னலில் இருந்ததை எடுத்தாள். நனைந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"வாரேன் மாமி."

அவ்வளவுதான்.

13-7, வெள்ளி

எட்டு. ஒன்பது. பத்தரை. வரவில்லை.

பாராயணம் மூன்று தடவை தப்பி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"என்னாச்சு அந்தப் பொண்ணுக்கு?" என்றார். சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "தெளிச்சதுக்கு வெக்கமா, பாத்துட்டான்னு வெக்கமா?"

பாராயணத்தை நாலாம் தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

14-7, சனி

டாக்டர் கம்பவுண்டரை அனுப்பினார். காய்ந்த துணியை நனைக்காமல் ஒரே இழுப்பு. இவர் கத்தினது தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். புண் மறுபடி ரத்தம். சாயங்காலம் உடம்பு சுட்டது. ஜுரம் ஏறினால் திரும்ப அறுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். எல்லாம் ஒரு கைத் தண்ணீரால்.

15-7, ஞாயிறு

ராயப்பேட்டையில் நர்ஸுகள் ஹாஸ்டல். ரிக்‌ஷாவில் போனேன். வழியெல்லாம் மூன்று வாக்கியம் நெட்டுருப் போட்டேன். புஸ்தகத்தில் டாக்டர் ஒரு வரி சொல்வார், நர்ஸ் உடனே மார்பில் சாய்ந்துவிடுவாள்.

கொடியெல்லாம் வெள்ளை உடுப்பு. எஸ்தர் தலையில் துண்டோடு வந்தாள். மூன்று வாக்கியமும் போன இடம் தெரியவில்லை. "கை தானாப் போயிடுத்தும்மா" என்றேன்.

"எனக்கு என்ன மாமி, புதுசா? பத்து வீட்டுக்குப் போறேன், எட்டு வீட்ல தெளிப்பாங்க. மூஞ்சிக்கு நேராத் தெளிப்பாங்க. நான் பாட்டுக்கு வேலயப் பாத்துட்டு வந்துருவேன். நீங்க எங்கூடச் சிரிச்சிட்டு, அப்புறம் தெளிச்சீங்க."

தலை நிமிரவில்லை எனக்கு.

சாருக்கு எப்படி என்று அவளே கேட்டாள். ரத்தம், உடம்புச் சூடு, எல்லாம் சொன்னேன். "ஒணந்த துணிய அப்படியா இழுத்தான்? மடப்பய!" என்று முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு வாரேன். சாருக்காக."

இதையும் எழுதிவிடவேண்டும். வீடு திரும்பினதும் நேரே கிணற்றடி. தலையோடு குளித்தேன். வெய்யில், வேர்வை, ரிக்‌ஷாப் புழுதி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் பேச்சு காதில் இருக்கும்போதே தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டேன். முப்பது வருஷப் பூஜையில் என்னத்தைக் கற்றேன்?

புஸ்தகத்தைத் தொடவில்லை. முடிவு தெரியாமலே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி கல்யாணியிடம் தந்தாச்சு.

16-7, திங்கள்

மேகமூட்டம். வந்தாள். எட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னால்.

வெந்நீரில் துணியை ஊறவைத்து நூல் நூலாகப் பிரித்தாள். இவர் வாயிலிருந்து சத்தமே இல்லை. நாற்காலியை நான் இழுத்துப் போட்டேன். "உக்காரும்மா."

"பரவால்ல மாமி."

நின்று குனிந்தபடியே முழுக்கட்டும் முடித்தாள், அரைமணி நேரம். நடுநடுவே ஒரு காலை மாற்றி இன்னொரு கால். மறுபடி சொன்னேன், உக்காரேன்மா என்று. கேட்காத மாதிரி கத்தரித்துக்கொண்டிருந்தாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

புண் நன்றாக மூடுகிறதாம். இன்னும் நாலு நாள் வந்தால் போதுமாம்.

நாலு நாள்.