வடிகட்டி ஊற்றிய எண்ணெய்

இங்கே கூடியிருக்கும் பெரியோரே, தாய்மாரே, ஆட்டுச் சந்தைத் தோழர்களே! நண்பன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் நான் கண்ணீரோடு வரவில்லை, அருவருப்போடு வந்திருக்கிறேன். நம் ஊர்ப் பட்டறையில் நம் வண்டிகளின் பிரேக்கில் கழிவு எண்ணெயை ஊற்றுகிறார்கள். நாமும் தெரிந்தே ஊற்றிக்கொள்கிறோம். இம்மடலை நான் அவனுக்குத்தான் எழுதினேன். அவனோடு பேசி முடிக்கும்வரை நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

நண்பா, இன்று காலை என்னை இந்நிகழ்வுக்கு அழைத்துவர உன் தம்பி உன் வண்டியில் இடைசெவலுக்கு வந்தான். கோவில்பட்டியை நெருங்குகையில் பருத்திப் பொதி ஏற்றிய லாரியொன்று குறுக்கே திரும்பியது. அவன் முன் பிரேக்கை அழுத்தினான். பிரேக் கம்பி எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. பின் பிரேக்கை மிதித்து, இரு கால்களையும் ஊன்றி, சாலையோரக் கரிசலில் வண்டியை இறக்கி நிறுத்தினான். நான் இறங்கி, கைப்பிடியருகே இருக்கும் சிறு எண்ணெய்க் குடுவையின் மூடியைத் திருகிக் கழற்றினேன். அழுகிய மீனும் கருகிய ரப்பரும் கலந்தாற்போன்ற நாற்றம் முகத்தில் அடித்தது. அந்த நாற்றத்தை நான் அறிவேன். நீயும் அறிவாய்.

"எங்கனடா எண்ணெய் மாத்துன?" என்றேன்.

"சந்தை முக்குப் பட்டறையிலதான் அண்ணாச்சி. புதுசுன்னுதான சொன்னாவ."

நாளை இதே வண்டியில்தான் உன் மனைவியையும் மகளையும் நாகலாபுரத்துக்கு ஏற்றிச் செல்லப்போவதாக அவன் சொன்னான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, அன்றும் அதே பட்டறைதான். முன்சக்கரத்தில் டிஸ்க் எனும் தட்டு பிரேக் வைத்த வண்டிகள் நம் பக்கம் அரிதாகவே ஓடிய காலம். ஆட்டுச் சந்தைக்குப் போய்வர நீ அப்படியொன்றைப் பழையதாக வாங்கியிருந்தாய். பட்டறையில் எண்ணெய் மாற்றி வந்த பிறகும் பிரேக் பிடிக்கவில்லை. "கறந்து முடிச்ச மடி மாதிரி தொளதொளங்குதுலே" என்றாய். குழாய்க்குள் காற்றுக் குமிழி நுழைந்திருக்கிறது, அதை வெளியேற்றினால் போதும், அதையும் நீயே செய்யப்போவதாக அறிவித்தாய்.

"எங்கே கற்றாய்?" என்று கேட்டேன்.

"பட்டறையில நின்னு பாத்தேம்லே. ஒண்ணும் பெரிய வித்தை இல்ல."

உன் ஆட்டுக்கொட்டிலின் நிழலில் வேலை தொடங்கியது. கால்நடை மருத்துவர் விட்டுப்போன குளுக்கோஸ் குழாயைச் சக்கரத்தருகே இருந்த சிறு திருகாணியில் மாட்டி, மறுமுனையை இருமல் மருந்துப் புட்டிக்குள் விட்டாய். நான் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். நீ திருகாணியைத் திறந்து, எண்ணெய் வடிந்ததும் மூட வேண்டும். மூடிய பின்பே நான் கையை எடுக்கலாம். முந்தினால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே போய்விடும். "அமுக்கு. பிடி. விடாத, விடாத. இப்ப விடு." என் விரல்கள் மரத்துப்போயின. "மைக்க விடிய விடியப் பிடிக்கத் தெரியுதுல்லா, இந்தக் கம்பியப் பிடிக்க வலிக்கோ?" என்று இந்த மேடைப் பேச்சாளனை நக்கலடித்தாய். இந்த எண்ணெய்க்குத் தமிழில் 'தடைநெய்' என்று பெயரிடலாமே என்றேன். "அப்படிக் கேட்டா பலசரக்குக் கடைக்குப் போகச் சொல்லுவாம்லே" என்றாய். உனக்காகவே இம்மடல் முழுவதும் வெறும் எண்ணெய் என்றே எழுதியிருக்கிறேன்.

முதலில் குமிழிகள் வந்தன. பிறகு சாக்கடை வந்தது. நேற்று ஊற்றிய புதிய எண்ணெய் என்று பட்டறைக்காரர் சொன்னது, நிறம் கறுத்து, எறும்புத் தலைகள்போல் ரப்பர்த் துணுக்குகள் மிதக்க, புட்டியில் இறங்கியது. அந்த அசிங்கத்தையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்ததில், மேலே குடுவை வற்றிப்போனதைக் கவனிக்கவில்லை. பட்ட பாடெல்லாம் வீணாகக் காற்று மறுபடியும் புகுந்தது. போதாக்குறைக்கு, பெட்ரோல் தொட்டிமேல் சிந்திய எண்ணெய் வண்ணப்பூச்சைத் தோலாக உரித்தது. உன் மனைவி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினார்.

"ஆட்டுக்கு வச்ச தண்ணி போச்சு. அந்த எண்ணெயவாவது கொட்டாதிய. துணியில வடிச்சு வச்சா ஏதுக்காவது ஆவும்" என்றார் அவர்.

நீ திருகாணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாய். எதையும் கொட்ட மனம் வராத வானம் பார்த்த பூமி இது. உன் வீட்டில் எழுந்த அதே எண்ணம் அந்தப் பட்டறையிலும் எழுந்திருக்காதா? புட்டியைத் தூக்கிக்கொண்டு நீ பட்டறைக்கு நடந்தாய். நான் பின்னால் வந்தேன்.

பட்டறைக்காரர் கோபப்படவே இல்லை. அதுதான் என்னால் இன்றும் செரிக்க முடியாதது. ஊரார் வண்டிகளிலிருந்து வடித்ததையெல்லாம் சேர்த்து, வாயில் வேட்டித்துணி கட்டிய தகர டப்பாவில் வடிகட்டுவதை அவர் பெருமையாகவே காட்டினார்.

"மாட்டு வண்டி அச்சு மையை வழிச்சுத் திரும்பப் போடுதோம்லா அண்ணாச்சி? இதுவும் எண்ணெய்தான. கசடு போயிட்டுன்னா புதுசுதான்."

"அச்சுல மை போச்சுன்னா சக்கரம் கத்தும். இதுல போச்சுன்னா எம் பொண்டாட்டில்லா கத்தணும்!" என்றாய் நீ.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்துக் குமிழியாகும், குமிழி பிடிப்பு தராது என்று நான் விளக்கினேன். "மழையே பெய்யாத ஊருல ஈரம் எங்கேருந்து வருதாம்?" என்று ஒருவர் கேட்டார், சிரிப்பு இரட்டித்தது.

அவ்வாரமே கடைவீதி மேடையில் இதைப் பேசினேன். பலத்த கரவொலி. மறுநாள் நீ வந்து சொன்னாய்: "பேச்சு நல்லாத்தாம்லே இருந்துச்சு. கை தட்டுனவன் வண்டி பூரா அந்தப் பட்டறையிலதான் நிக்கு." அன்றுமுதல் கரவொலி கேட்டாலே எனக்குக் கசக்கிறது.

நீ முத்திரை உடையாத புது டப்பா வாங்கிவந்து வேலையை முடித்தாய். பிறகு அக்கம்பக்கத்து வண்டிகளும் உன் கொட்டிலுக்கு வந்தன. காமாலை உன்னைக் கொண்டுபோனது; வண்டிகள் பட்டறைக்கே திரும்பின. உன் தம்பியும் உன் வண்டியோடு அங்கேயே போனான்.

உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம். யார் வண்டியில் ஏறினாலும் முதலில் கை நீட்டி முன் பிரேக்கை அழுத்திப் பார்ப்பேன். பலர் முகம் சுளிப்பார்கள். இன்று காலை உன் வண்டி என்பதால் மட்டும் பார்க்காமல் ஏறினேன்.

சாலையோரத்திலிருந்து அதைத் தள்ளிக்கொண்டே வந்தோம். பந்தலுக்கு வெளியே நிற்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. நானும் உன் தம்பியும் அந்தச் சாக்கடையை முழுதும் வடித்து, புது எண்ணெய் ஊற்றி, கம்பி கல்லாக நிற்கும்வரை உன் மனைவியும் மகளும் அதில் ஏறமாட்டார்கள்.

இனி உங்களிடம் பேசுகிறேன், கூடியிருப்போரே. கைதட்ட வேண்டா. எழுந்திருங்கள். வெளியே நிற்கும் உங்கள் வண்டிகளின் எண்ணெய் மூடியை இப்போதே, இந்தப் பகல் வெளிச்சத்திலேயே திறந்து பாருங்கள். கறுத்திருந்தால் அவ்வண்டியில் வீடு திரும்பாதீர்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போங்கள். அந்தத் துணி கட்டிய தகரத்தை பட்டறைக்காரர் கையாலேயே கவிழ்க்கச் சொல்லுங்கள். கவிழ்க்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.