கப்பலைவிட்டு இறங்க விடாத போதகர்

ஷார்ஜா

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் சிஜின் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்ததா?

அறையில் எல்லாரும் சேர்ந்து ஒரு விண்வெளித் தொடர் பார்க்கிறோம். வில்லன் ஒரு போதகர். புதுக் கிரகத்தை அடைந்தும், “கர்த்தருக்குச் சித்தமில்லை” என்று பொய் சொல்லி, யாரையும் கப்பலைவிட்டு இறங்க விடமாட்டார். எல்லாரும் அவரைத் திட்டினார்கள்.

“பாவம்லே, எல்லாரும் எறங்கிப் போனா தனியாயிருவோம்னு பயந்துதான் சொல்லுகாரு” என்றேன்.

“நீ வில்லனுக்க ஆளாலே?” என்று குளச்சல் ஷரீஃப் சிரித்தான். நானும் சிரித்தேன்.

விசா வந்த அன்று நீங்கள் என் பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, “கர்த்தருக்குச் சித்தமில்ல மக்கா” என்றீர்கள். நான் கத்தினேன்.

இதைக் கொண்டுவரும் ஆன்ஸ்லினிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். சாயங்கால ஜெபத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. லீவுக்கு வந்ததும் பாஸ்போர்ட்டை உங்கள் கையில் தருவேன். மறுபடியும் ஒளித்து வையுங்கள்.