சுவரில் நகர்ந்த வெயில்

மார்ச் 9, திங்கள்

எங்கள் வீட்டுப் பள்ளியில் பருவத்தேர்வு இன்று ஆரம்பம். பெரியவளுக்கு ஆறு தாள், பொடிசுக்கு நான்கு. பாடம் நடத்தியதும் நானே, கேள்வித்தாள் தயாரித்ததும் நானே, கண்காணிப்பாளரும் நானே. நடுவில் எழுந்து போய்க் குக்கரை இறக்கிவிட்டு வந்தேன். பெரியவள் கையைத் தூக்கி, “மேடம், அடிஷனல் ஷீட்” என்றாள். பெற்ற பெண் மேடம் என்று கூப்பிட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

பொடிசு சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11, புதன்

பொடிசின் கணக்குத் தாள். எட்டுக் கேள்வியில் இரண்டுக்குத்தான் பதில். மற்றதெல்லாம் எழுதி எழுதி அழித்திருக்கிறாள். மூன்றாவது கேள்வி இருந்த இடத்தில் ஓட்டை. பள்ளியில் இருந்தபோதும் இப்படித்தான். சிவப்பு மை பட்டுவிடுமோ என்ற பயத்தில் எழுதியதை எல்லாம் அழித்துவிடுவாள், பிறகு வாயையும் திறக்க மாட்டாள். அதனால்தானே வீட்டோடு வைத்துக்கொண்டேன்? ஒன்றரை வருடம் ஆயிற்று. நான் என்னதான் செய்தேன்?

மார்ச் 12, வியாழன்

லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து திரும்பிக் கை கழுவிக்கொண்டே என் கணவர் சொன்னார்: “உன்னக் குத்தம் சொல்லல. அக்கா வந்து ஒரு தடவ பாக்கட்டும். சரி வராதுன்னு அக்கா சொன்னா, ஜூன்ல ஸ்கூல்ல சேத்துடலாம்.”

அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். அண்ணியின் கண்ணில் மண் தூவ முடியாது.

சரி என்றேன்.

மார்ச் 16, திங்கள்

நாளை அண்ணி வருகிறார். எனக்கா பரீட்சை?

மார்ச் 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

அண்ணி ஓட்டை விழுந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பென்சிலையும் ரப்பரையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “எழுத வேணாம்டா. வாயால சொல்லு போதும்” என்றார். நான் தயாரித்த அறிவியல் தாளிலிருந்தே ஒன்றைப் படித்தார்: காலையில் நிழல் எந்தப் பக்கம் விழும்?

பொடிசு பேசவே இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மேற்கு என்று சொல்லித் தொலையேன்டி!

“எந்த மாசத்துல, அத்த?”

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். “மாசத்துக்கு மாசம் மாறுமா என்ன?”

அவள் எழுந்து அத்தையின் விரலைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணி காயப்போடும் ஸ்டாண்டைத் தள்ளினாள். அதன் பின்னால் சுவர் முழுக்கப் பென்சில் கோடுகள்! தினமும் துணி போடுகிறவள் நான். ஒரு நாள்கூட என் கண்ணில் படவில்லை.

“அப்பா ஏழரைக்குப் பைக் ஸ்டார்ட் பண்ணுவாருல்ல, அப்ப ஜன்னல் வெயிலோட ஓரம் எங்க இருக்கோ அங்க கோடு போடுவேன். மேகம் இருந்தா கிடையாது. இது செப்டம்பர். அப்புறம் வலது பக்கமா போச்சு. மொதல்ல பெரிய பெரிய அடி. அப்புறம் சின்ன அடி. இங்க வந்ததும் நின்னுடுச்சு, அத்த. ஒரு வாரத்துக்கு நகரவே இல்ல. செத்துப்போச்சோன்னு பயந்துட்டேன். அப்புறம் திரும்பிச்சு. இப்ப மறுபடி ஓடுது. கிட்டத்தட்ட ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடுச்சு.”

மூச்சுவிடாமல் பேசினாள். என் பொடிசு!

அண்ணி சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். டிசம்பர் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன. அவற்றை விரலால் தடவிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “இத நான் முப்பது வருஷம் போர்டுல படம் போட்டு நடத்தியிருக்கேன்மா. ஒரு நாளும் பாத்ததில்ல.”

பிறகு அவளிடம், “இனிமே எங்க போகும்?”

“இடது பக்கம். அந்தப் பக்கம் எவ்ளோ போச்சோ அவ்ளோ இந்தப் பக்கமும் போகணும்ல? அப்புறம் நிக்கும்.” கைப்பையிலிருந்து பென்சிலை வாங்கி, வெயில் இன்னும் வராத இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை. சூரியன் தெற்கே போய்த் திரும்புவதை ஓர் எட்டு வயதுக் குழந்தை, ஈரத் துணிக்குப் பின்னால் தனியாக நின்று, ஆறு மாதம் பார்த்திருக்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் கோயிலில் நிற்பதுபோல நின்றேன்.

மார்ச் 18, புதன்

அவர் இன்று ஏழரைக்குப் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு, அணைத்துவிட்டு, செருப்போடு உள்ளே ஓடி வந்து சுவரைப் பார்த்தார். வேலைக்குத் தாமதம். “ஸ்கூல் பேச்ச இனி எடுக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 22, திங்கள்

நான்கு நாளாக வெயில் ஒரே இடத்தில் நிற்கிறது. இனியும் நகருமா என்று பார்க்க அண்ணி ஆறு மணிக்கே வந்துவிட்டார். ஏழரைக்கு நால்வரும் சுவரைப் பார்த்து நின்றோம். பொடிசு மார்ச்சில் போட்ட கோட்டை வெயில் இன்றும் எட்டவில்லை. ஒரு சாண் குறைவு. கொஞ்சம் கீழேயும் இறங்கியிருந்தது.

இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

“தப்பு! அத்த, நான் போட்டது தப்பு!” கட்டிலில் ஏறிக் குதிக்கிறாள்!

“ஏன் தப்பாச்சு?” என்றார் அண்ணி.

“தெரியல! உங்களுக்கு?”

“எனக்கும் சட்டுனு சொல்லத் தெரியலடா. உக்காந்து யோசிப்போமா?”

பெரியவள் ரப்பரை நீட்டினாள். பொடிசு அதைக் கவனிக்கவே இல்லை. பழைய கோட்டை அப்படியே விட்டுவிட்டு, வெயில் நின்ற இடத்தில் புதிதாக ஒன்று போட்டு, தேதி எழுதினாள்.