முதலில் இருக்கும் பெயர்

டெல்லி,
12-8-1971

சௌபாக்கியவதி செங்கமலவல்லிக்கு அநேக ஆசீர்வாதம். நீயும் அம்மாவும் சௌக்கியந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. எந்த ஆராய்ச்சிக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லும் அமெரிக்கப் புத்தகம் ஒன்று நூலகத்துக்கு வந்திருக்கிறது. நம் திருவாலங்காட்டுக் கொக்கிப்புழுக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலே அதில் அரைப் பத்தி! ஆனால் அந்தப் புத்தகம் முதல் பெயரை மட்டுமே போடும். அது எங்கள் ஆராய்ச்சி நிலைய டைரக்டருடைய பெயர். அவர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நானும் தின்றேன்.

அவர் திருவாலங்காட்டை ஜீப்பிலிருந்துதான் பார்த்தார். மலப் பரிசோதனைக்கு வீடு வீடாக டப்பா கொடுத்து வாங்கியவன் நான். "இன்னா சாமி, இத்தக்கூடவா உட்டு வைக்க மாட்டீங்க?" என்று அந்த ஊர் அரசப்பன் கேட்க, நடவிலிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். சாயங்காலம் கிணற்றடியில் குளிக்காமல் நீ என்னை உள்ளே விடமாட்டாய். அதைவிட நல்ல வருஷம் எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது ஜப்பான்காரர்களோடு சேர்ந்து அங்கேயே மறுபடி ஆய்வு செய்யப்போகிறார்கள். ஒரு வருஷம் நம் வீட்டிலிருந்தே போய்வரலாம். "இதிலும் உங்கள் பெயர் இரண்டாவதுதான், தேவராஜன்" என்றார் டைரக்டர். முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

திருமண் தீர்ந்துவிட்டது, நார்த்தங்காயோடு சேர்த்து அனுப்பு. தபால் எடுக்கும் நேரம். அமாவாசையன்று நோய் தீர வீரராகவர் குளத்தில் வெல்லம் கரைப்பாயே, நான் கேலி செய்வேனே, இந்த முறை எனக்காகவும் கொஞ்சம் கரைத்துவிடு. எந்த நோய்க்கு என்று உனக்குத் தெரியும்.

உன்,
தேவராஜன்